ரோமுக்கு எத்தனை இரவு?

அண்ணன் மகன் போன வாரம் ஒரு எக்செல் ஷீட் அனுப்பியிருந்தான். கல்யாணமான பிறகு அவர்கள் இரண்டு பேரும் போகிற முதல் வெளிநாட்டுப் பயணம். பாரிஸ் நாலு இரவு, சுவிட்சர்லாந்து நாலு இரவு, கடைசியில் ரோம் இரண்டு இரவு. கீழே ஒரு வரி: "சித்தப்பா, ரோமுக்கு ரெண்டு நாள் போதும்தானே?"

நான் ரோமுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை இரண்டு இரவு, அடுத்த தடவை ஆறு இரவு. முதலாவது பத்தவில்லை, இரண்டாவது திகட்டிவிட்டது.

முதலில் இரண்டு இரவுக் கணக்கைப் பார்ப்போம். ஷீட்டில் 'ரோம் – சனி, ஞாயிறு, திங்கள்' என்று மூன்று கட்டம் இருக்கிறது. பார்த்தால் மூன்று நாள் மாதிரிதான் தெரியும். சனிக்கிழமை மத்தியானம் ஃபியூமிச்சினோ விமான நிலையத்தில் இறங்கி, லியோனார்டோ எக்ஸ்பிரஸில் 32 நிமிடத்தில் தெர்மினி ஸ்டேஷன் வந்து, பெட்டியை ஓட்டலில் போட்டுவிட்டு வெளியே வரும்போது சாயங்காலம் ஆகிவிடும். திங்கள் மதியம் விமானம் என்றால் காலை பத்து மணிக்கே கிளம்பவேண்டும். மிஞ்சுவது ஒரே ஒரு முழு நாள். அதுவும் ஞாயிறு. வாட்டிகன் மியூசியத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் மதியம் வரை இலவசமாகத் திறந்துவிடுவார்கள், அன்றைக்கு வரிசை மதில் சுவரைச் சுற்றிக்கொண்டு போகும். ஆக, அந்த மியூசியத்தோடு சேர்ந்த சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோ வரைந்த கூரையைப் பார்க்காமலே ரோமிலிருந்து திரும்பி வருகிற திட்டம் அது.

எத்தனை நாள் என்பதைவிட எந்தக் கிழமை என்பதுதான் ரோமில் முக்கியம். ஞாயிறு வாட்டிகன் மியூசியம் கிடையாது. திங்கள் போர்கேசே என்ற கலைக்கூடம் கிடையாது, பழைய துறைமுக ஊரான ஓஸ்டியா அந்திகா கிடையாது. புதன் காலையில் போப் மக்களைச் சந்திக்கிற வழக்கம் இருப்பதால் புனித பேதுரு தேவாலயத்துக்குள் மதியம் வரை போவது கஷ்டம். சின்னச் சின்ன தேவாலயங்கள் பல மத்தியானம் இரண்டு மூன்று மணி நேரம் கதவைச் சாத்திவிடும். நாலு இரவு இருந்தால் இதில் எது வந்தாலும் நாளை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு இரவுக்காரனுக்கு அந்த வசதி இல்லை.

என் முதல் பயணம் பேக்கேஜ் டூர். கொலோசியத்துக்கு எதிரில் பேருந்தை நிறுத்தி, "இருபது நிமிஷம், போட்டோ எடுத்துக்கங்க" என்றார் மேனேஜர். எடுத்துக்கொண்டேன். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற படம் இப்போதும் இருக்கிறது. கொலோசியம் பார்த்தாச்சு என்று அதை வைத்துத்தான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு இரவு யாருக்குமே ஒத்துவராது என்று சொல்லமாட்டேன். முழங்கால் வலியுள்ள அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு அது போதும், முழு நாள் ஞாயிறாக இல்லாதவரை. பழைய ரோமின் தெருக்களில் பதித்திருக்கும் குட்டைக் கருங்கற்கள் கால்வலிக்காரர்களை இரண்டாம் நாளே படுக்கவைத்துவிடும். வந்த சாயங்காலம் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில், நவோனா சதுக்கம், ட்ரெவி நீரூற்று என்று மெதுவாக ஒரு நடை. எல்லாம் பக்கம் பக்கம். மறுநாள் காலையில் வாட்டிகன், மற்ற நேரம் ஓய்வு. ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்களுக்கும் இதே அளவு சரி. அந்த வெயிலுக்குச் சென்னை வெயில் பழகியவர்களே அசந்துபோவார்கள். தெருவுக்குத் தெரு இருக்கும் இரும்புக் குழாய்களில் நல்ல குடிதண்ணீர் கொட்டிக்கொண்டே இருப்பது ஒன்றுதான் ஆறுதல்.

நாலு இரவு என்றால் மூன்று முழு நாள். ஒரு நாள் பழைய ரோம், ஒரு நாள் வாட்டிகன், மூன்றாவது நாள் எந்தத் திட்டமும் இல்லாமல். ரோம் நம்மிடம் பேச ஆரம்பிப்பது அந்த மூன்றாவது நாள்தான்.

கொலோசியத்திலிருந்து பத்து நிமிட நடையில் சான் கிளெமென்தே என்று ஒரு தேவாலயம். தெருமட்டத்தில் இருப்பது 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். டிக்கெட் எடுத்துப் படியிறங்கினால் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், சுவரில் மங்கிய ஓவியங்கள். இன்னும் இறங்கினால் அதற்கும் முந்தைய ரோமானியக் கட்டடம். மித்ராஸ் என்ற பழைய தெய்வத்தின் வழிபாட்டுக்கான குகை மாதிரி ஒரு சிற்றறை, இரண்டு பக்கமும் கல் திண்ணை, நடுவில் காளையைக் கொல்லும் மித்ராஸின் உருவம் செதுக்கிய பலிபீடம். அதற்குப் பக்கத்தில் ஆள் ஒருவர் போகிற அளவுக்கு ஒரு செங்கல் சந்து. ஈரவாடை. எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, ஓரிடத்தில் சுவரிலுள்ள திறப்பு வழியாக எட்டிப் பார்த்தால் நிஜமாகவே ஓடுகிறது. இந்த நகரத்தில் மெட்ரோ தோண்டுவது ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று அங்கே நின்றால் புரியும்.

நமக்கென்று ஒரு இடமும் இருக்கிறது. பழைய ரோமின் மையமான ஃபோரத்தில், மக்சென்டியஸ் பசிலிக்கா என்ற பெரிய மண்டபத்தின் அடியில், முதல் நூற்றாண்டின் கடைசியில் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கின் மிச்சங்கள். முசிறியில் ஏற்றிய சேரநாட்டு மிளகு கடல் தாண்டி வந்து இறங்கிக் குவிந்த இடம். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குக் காச்சோ எ பேப்பே சொன்னோம். சீஸும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா. மிளகைத் தாராளமாகவே போட்டிருந்தார்கள். (சுத்த சைவக்காரர்கள் கவனிக்க: அந்த பெகோரினோ சீஸை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்.)

ஆறு இரவு என்பது உண்மையில் ரோமுக்கு இல்லை, ரோமை மையமாக வைத்து வெளியூர் போய்வருவதற்கு. எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெய் போய்வரலாம்: நேப்பிள்ஸுக்கு வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரம். ஒரு நாள் முழுசாகப் போய்விடும். அதே மாதிரி ஒரு பழைய ஊர்தான் ஓஸ்டியா அந்திகாவும்; நகரப் பேருந்துக்கு வாங்குகிற டிக்கெட்டிலேயே அரை மணியில் போய்விடலாம், கூட்டமும் குறைவு. எரிமலைதான் பார்க்கவேண்டும் என்று அடம்பிடிக்காதவர்களுக்கு நான் ஓஸ்டியாவைத்தான் சொல்வேன். ஃபிளாரன்ஸை ஒரே நாளில் முடிக்க நினைக்கவேண்டாம், அங்கே ஒரு ராத்திரி தங்குங்கள். எங்கள் ஐந்தாம் நாள் காலையில் வீட்டம்மா சொன்னது: "இன்னொரு சர்ச்சுன்னா நான் ரூம்லயே இருக்கேன்." அன்றைக்கு விட்டோரியோ சதுக்கத்துப் பக்கத்துச் சந்தையில் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் வாங்கிக்கொண்டு வந்து சமைத்ததுதான் அந்த நாளின் சாதனை.

ஆக என் ஓட்டு நாலு இரவுக்கு. அவன் ஷீட்டில் அதை நுழைப்பதில்தான் சிக்கல். இந்த மூன்று நாட்டுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்கவேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. அவன் பிரான்ஸுக்கு அப்பாயின்ட்மென்ட் எடுத்துவிட்டான். பாரிஸ் மூன்று, சுவிஸ் மூன்று, ரோம் நாலு என்று மாற்றினால் இத்தாலியிடம் போகவேண்டி வரும். பாரிஸ் நாலு, சுவிஸ் இரண்டு, ரோம் நாலு என்றால் சமம், முதலில் இறங்குவது பாரிஸ், அப்பாயின்ட்மென்ட் தப்பிக்கும். இதை எழுதி அனுப்பினேன். "அவளுக்குப் பனி பார்க்கணும் சித்தப்பா, ரெண்டு ராத்திரின்னா சண்டைதான்" என்று பதில் வந்தது.

கடைசியில் 4–3–3. அதோடு திரும்பும் விமானத்தை மதியத்திலிருந்து ராத்திரிக்கு மாற்றச் சொன்னேன். பெட்டியை ஓட்டலிலேயே விட்டுவிட்டுச் சுற்றினால் மூன்று இரவில் கிட்டத்தட்ட மூன்று முழு நாள் கிடைத்துவிடும். வெள்ளி மாலை இறங்கல். சனி காலை வாட்டிகன். ஞாயிறு காலை கொலோசியம். அன்றைக்கு முன்னால் உள்ள பெரிய சாலையில் கார் விடமாட்டார்கள், நடக்கச் சுகம். மாதத்தின் முதல் ஞாயிறாக இருந்தால் மட்டும் அது இலவச நாள், கூட்டம் தாங்காது. காலண்டரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். திங்கள் சான் கிளெமென்தே, பாந்தியன், மிச்சம் மீதி. போர்கேசே மட்டும் திங்கள் விடுமுறையில் அடிபட்டுப்போச்சு என்று எழுதினேன்.

"அதுல என்ன இருக்கு?" என்று கேட்டான்.

அங்கே இருக்கும், மரமாக மாறுகிற டாஃப்னி என்ற பெண்ணைச் சிற்பி பெர்னினி செதுக்கிய சிலையில் விரல்கள் மட்டும் தெரிகிற ஒரு படத்தை அனுப்பினேன். விரல் நுனிகள் இலையாக மாறிக்கொண்டிருக்கின்றன, பளிங்கில். இரண்டு நீல டிக். பத்து நிமிடம் பதிலே இல்லை. அப்புறம் வந்தது: "ஞாயித்துக்கிழமை சாயங்கால ஸ்லாட், ரெண்டு டிக்கெட் போட்டாச்சு."