மலையேறும் அம்பாசிடருக்கு கியர் ரிடக்‌ஷன் செல்ஃப்: மாற்றுவதும் அதன் பிறகும்

1489 சிசி பெட்ரோல் அம்பாசிடரில் வந்த பழைய லூகாஸ் செல்ஃப் மோட்டார் மட்டமான பொருள் அல்ல. சேலத்துக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு அதுவே தாராளம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டுப் பனியில் இரவெல்லாம் நின்று, விடியற்காலை கிளம்ப வேண்டிய வண்டிக்குத்தான் மாற்றும் பேச்சே. குளிரில் ஆயில் இறுகும், பேட்டரி தளரும். பழைய மோட்டார் கரண்டை அள்ளி இழுக்க, வோல்டேஜ் சரிந்து காயிலில் ஸ்பார்க் மங்கிவிடும். கியர் ரிடக்‌ஷன் மோட்டார் (உள்ளே வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பல்சக்கரம் கொண்டது) குறைந்த கரண்டில் இன்ஜினை வேகமாகச் சுற்றுவதால் ஸ்பார்க்குக்கும் மிச்சம் இருக்கும்.

மலையில் இன்னொரு தொல்லை உண்டு. இந்த இன்ஜினின் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகு வரிப்பள்ளம்தான். இன்ஜின் சுற்றும்போது மட்டுமே அது வேலை செய்யும். மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினால் ஆயில் கிளட்ச் பக்கம் கசிந்து, கிளட்ச் தூசியோடு சேர்ந்து பெண்டிக்ஸில் (பினியன் என்ற சிறு பல்சக்கரத்தை இன்ஜின் பல்லோடு சேர்க்கும் பாகம்) பசையாக ஒட்டும். மோட்டார் சுற்றும், பினியன் நகராது. பெண்டிக்ஸைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்தால் போதும். அதற்கு ஆயிலோ கிரீஸோ போடவே கூடாது. தூசி இன்னும் சீக்கிரம் ஒட்டும்.

ஆகவே காசை எடுக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். காயில் வயரைக் கழற்றிவிட்டு, இன்ஜினைச் சுற்றவிட்டு அளக்க வேண்டும். பேட்டரி பிளஸ் கம்பத்துக்கும் மோட்டார் டெர்மினலுக்கும் இடையே 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ சொலினாய்டோ (செல்ஃபுக்குக் கரண்ட் விடும் காந்த சுவிட்ச்) கெட்டிருக்கிறது. மைனஸ் கம்பத்துக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே 0.3-ஐத் தாண்டினால் எர்த் கோளாறு. இன்ஜின் ரப்பர் மவுண்டில் நிற்பதால் எர்த் பட்டை இற்றுவிட்டால் கரண்ட் சோக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகப் பாயும். அவை சுடுவதே அடையாளம். 35 சதுர மிமீ செம்புக் கேபிளும், அழுத்திப் பிடித்த லக்கும் (கேபிள் முனைக் கண்ணி), புது எர்த் பட்டையும் போட்டதும் பழைய மோட்டாரே உயிர்பெறுவது சாதாரணம்.

மாற்றுவது என்று முடிவானால் முதலில் பார்க்க வேண்டியது ரிங் பல் (பினியன் பிடித்துச் சுற்றும் ஃப்ளைவீல் பல்). நான்கு சிலிண்டர் இன்ஜின் அணையும்போது கம்ப்ரஷனால் ஏறக்குறைய எதிரெதிரான இரண்டே இடங்களில்தான் நிற்கும். பல் தேய்வதும் அங்கேதான். பல் எண்ணிக்கையும் பருமனும் புதிய பினியனோடு பொருந்த வேண்டும். பழைய பினியனும் புதியதும் ரிங்கில் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழைந்தால், பல்லின் சரிவும் புதுப் பக்கம் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காத வேலையில் நறநறவென்ற சத்தம் கடைசிவரை போகாது.

புது மோட்டாரை இன்ஜினில் பொருத்தும் அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடையும்போது போல்ட் துளையை நம்பாமல் மோட்டாரின் வட்ட விளிம்பை வைத்தே மையம் பிடிக்கச் சொல்லுங்கள். ஓய்வில் பினியன் முகத்துக்கும் ரிங்குக்கும் 1.5 முதல் 3 மிமீ இடைவெளி வேண்டும்.

அதிகம் கெடுவது வயரிங்கில். பழைய சொலினாய்டு வழியாகவே மோட்டாருக்கு கரண்ட் கொடுத்து, மோட்டாரில் பெரிய டெர்மினலையும் சிறியதையும் ஒரு துண்டு வயரால் இணைப்பது பலர் செய்யும் குறுக்குவழி. புது மோட்டார் உள்ளே நிலைக்காந்தம் வைத்த காந்த மோட்டார் என்பதால், சாவியை விட்ட பிறகும் சுற்றும் வேகத்தில் ஜெனரேட்டராகி, தன் சொலினாய்டைத் தானே பிடித்துக்கொள்ளும். பினியன் உடனே விடாது. சரியான வழி: பழைய சொலினாய்டில் பேட்டரி கேபிள் வரும் கம்பத்திலிருந்தே மோட்டாரின் பெரிய டெர்மினலுக்கு நேராகக் கனத்த கேபிள், அதன் மறு கம்பத்திலிருந்து சிறிய டெர்மினலுக்கு 4 சதுர மிமீ வயர். பழைய சொலினாய்டு ரிலேயாக வேலை செய்யும், இக்னிஷன் சுவிட்ச் கருகாது. அதில் ரப்பர் பொத்தான் இருந்தால் டேப்பட் (வால்வு இடைவெளி) வைக்கும்போது இன்ஜினைத் தட்டிச் சுற்றவும் உதவும். கனத்த கேபிளில் எப்போதும் கரண்ட் இருக்கும்; உரசாதபடி குழாய் போட்டு கிளிப் அடிக்க வேண்டும்.

பிளஸ் எர்த் உள்ள (பேட்டரி பிளஸ் பாடியில் இணைந்த) மிகப் பழைய வண்டிகளில் இன்னும் ஒரு கவனம். பழைய மோட்டார் எப்படி இணைத்தாலும் ஒரே திசையில் சுற்றும். காந்த மோட்டார் எதிர்த்திசையில் திரும்பிவிடும். முதலில் வண்டியை மைனஸ் எர்த்துக்கு மாற்றி, டைனமோவின் துருவத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

நாள்பட்ட ஓட்டத்தில் குளிர் காலையில் ஸ்டார்ட் ஆவதில் குறையே இல்லை. ஹேண்டில் போடும் வேலை மறந்தே போகும். புது மோட்டாரின் தேய்மானம் பினியனோடு உள்ள ஒருவழிக் கிளட்சில்தான் காட்டும்: மோட்டார் ‘விர்ர்’ என்று ஓடும், இன்ஜின் அசையாது. அப்போது பழைய பழக்கத்தில் சுத்தியலால் தட்டிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் காந்தம் விரிசல் விட்டால் மோட்டாரே போச்சு.

கழற்றிய மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். கார்பன் பிரஷ் 8 மிமீக்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள். புது வெண்கல புஷ்ஷை 24 மணி நேரம் இன்ஜின் ஆயிலில் ஊறவைத்து அடியுங்கள். கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசும் செம்பு உருளை) கடைந்தால் இடையிலுள்ள மைக்காவைப் பள்ளம் பறிக்க விடாதீர்கள். டைனமோவுக்குச் செய்வது செல்ஃபுக்கு ஆகாது.