வாக்குத்தத்த அட்டைப் பெட்டி: வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

டிசம்பர் பிறந்தால் கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் வாக்குத்தத்த அட்டைகளை, அதாவது தேவனுடைய வாக்குறுதியாக ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டைகளை, அடுக்கிவிடுவார்கள். விசிட்டிங் கார்டு அளவு, ஒரு ரோஜா அல்லது சூரிய உதயம், கீழே வசனம். புதுவருஷ ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வாக்காக ஆளுக்கொன்று எடுக்கத் தோது. அச்சு, தாள் பெரும்பாலும் சுமாராவது இருக்கும். கோளாறு வசனத்தைப் பாதியில் வெட்டும் கத்தரியில்.

"கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்ற உபாகமம் 28:13 அட்டை பலருக்கும் பிரியம். கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்ற நிபந்தனை அதே வசனத்தில் இருக்கிறது, அட்டையில் இருக்காது. எதிர்பார்த்த முடிவைத் தருவேன் என்ற எரேமியா 29:11-க்கும் இதே கதி. முந்தைய வசனம், அதற்கு முன் பாபிலோனில் 70 வருஷச் சிறையிருப்பு என்கிறது. ஜனவரியில் எடுத்து டிசம்பருக்குள் பலன் தேடுகிறவர் சோர்ந்துபோவது இதனால்தான்.

தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும், கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்ற பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான். 12-ஆம் வசனத்தில் பவுல் சொல்வது பட்டினியாயிருக்கவும் தெரியும் என்று. அதுவும் காவலில் கட்டுண்டிருந்தபோது எழுதியது. மார்க் ஷீட்டுக்கு அங்கே இடமில்லை.

வேதத்தைத் தியானித்து அதன்படி நடந்தால் உன் வழி வாய்க்கும் என்ற யோசுவா 1:8 இன்னும் சுவாரசியம். ஆங்கில வேதாகமங்கள் பலவும் 'வெற்றி' என்று முடிக்கும் இடத்தில் நம் பழைய மொழிபெயர்ப்பு "புத்திமானாயும் நடந்துகொள்ளுவாய்" என்கிறது. மூல எபிரெயச் சொல்லுக்கு விவேகம், காரியசித்தி (எடுத்த காரியம் வாய்ப்பது) இரண்டும் பொருள். ஆதியாகமம் 39-ல் யோசேப்பு "காரியசித்தியுள்ளவன்" ஆனது அடிமையாய் விற்கப்பட்ட வீட்டில். அதிகாரம் முடியும்போது சிறையில் இருக்கிறான், அங்கேயும் செய்ததெல்லாம் வாய்க்கிறது. இவ்வளவையும் ஒரு ரோஜாவுக்குக் கீழே அடைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறோம்.

அதனால் வசன எண் தெளிவாக அச்சான, பின்பக்கம் பளபளப்பில்லாத அட்டையாக வாங்குங்கள். லேமினேஷன் போட்டதில் பால்பாயிண்ட் பேனா பிடிக்காது. அட்டையை எடுத்ததும் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்து, யாருக்குச் சொன்னது, எந்த நிலையில் சொன்னது, என்ன செய்யச் சொன்னது என்று பின்னால் மூன்று வரி எழுதுங்கள். நிபந்தனை இருந்தால் அடிக்கோடிடுங்கள். மொபைல் பையின் பின்னால் செருகினால் மை கலையும்; வேதாகமத்தில் அந்தப் பக்கத்திலேயே வையுங்கள்.

சபைக்கு மொத்தமாக வாங்குகிறவர்கள் முதலில் ஒரு பெட்டியைப் பிரித்து, பத்து அட்டையையாவது வேதாகமத்தோடு ஒத்துப்பாருங்கள். தேவபக்தியாய் நடக்க மனதாயிருக்கிற யாவரும் துன்பப்படுவார்கள் என்ற 2 தீமோத்தேயு 3:12 எந்தப் பெட்டியிலாவது கிடைத்தால், அதைத் தாராளமாக வாங்கலாம்.