ஹட்டன் கொமினிகேஷனில் பெர்சனல் ஸ்டேட்மன்ட்: திருத்தக் கொடுக்கலாம், எழுதக் கொடுக்க வேண்டாம்

வெளிநாட்டு முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் ஒரு கொமினிகேஷன் (டைப்பிங், போட்டோ கொப்பிக் கடை) பெர்சனல் ஸ்டேட்மன்ட் எழுதிக் கொடுக்கிறது. தான் யார், ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பதாரரே சொல்ல வேண்டிய கட்டுரை அது. டைப்பிங் சுத்தம், ஆங்கில இலக்கணத்தில் பிழை இல்லை, சொன்ன நாளில் கைக்கு வரும். கோளாறு முதல் பத்தியிலேயே இருக்கிறது.

யார் போனாலும் "பசுமையான தேயிலை மலைகளின் நடுவே ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன்" என்றுதான் தொடங்குகிறார்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் மாறும். டர்னிட்டின் போன்ற, எழுத்து ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டால் ஒரே வார்ப்பு என்பது தெரிந்துவிடலாம்.

கஷ்டத்தை எழுதவே கூடாது என்றில்லை. அது படிக்கப்போகும் பாடத்தோடு ஒட்ட வேண்டும். பொதுச் சுகாதாரம் படிக்கப் போகிறவர் லயத்துக் காம்பராவின் (தோட்டத்து வரிசை வீட்டு அறையின்) விறகுப் புகையை மூன்று வாக்கியத்தில் சொல்லலாம். நான்காவதில் தன் ஆய்வேட்டில் அந்தப் புகையை எப்படி அளந்தார் என்பது வந்தாக வேண்டும். பொருளியல்காரருக்கு மடுவத்து (கொழுந்து நிறுக்கும் இடத்து) தராசு போதும்: கிலோ குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது அரைநாள் கூலி, விழும் முறையிலிருந்தே கூலி பற்றிய கேள்வியை எழுப்பலாம். இதையெல்லாம் கடைக்காரர் ஊகித்து எழுத முடியாது.

அடுத்த குறை, எல்லா நாட்டுக்கும் ஒரே தாள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் ஸ்டேட்மன்ட் ஒஃப் பர்பஸ், பெர்சனல் ஹிஸ்டரி என இரண்டு கேட்கிறது. முன்னதில் ஆய்வுத் திட்டம், பின்னதில் வளர்ந்த சூழலும் கடந்த தடைகளும். கடையில் ஒன்றையே வெட்டி இரண்டாக்குகிறார்கள். பிரித்தானியாவுக்குப் பெரும்பாலும் ஒரே கட்டுரைதான். அதில் பாதிக்கு மேல் 'ஏன் இந்தப் பாடநெறி, அதற்கு என்ன தயாரிப்பு' என்பதற்கே போக வேண்டும்.

ஆகவே முதல் வரைவை நீங்களே தமிழில், கையால் எழுதுங்கள். 500 சொல் கேட்டால் 800 எழுதி வெட்டுங்கள். முதலில் போக வேண்டியவை 'சிறுவயது முதலே', 'கனவு' வகையறா. பிறகு ஆங்கிலமாக்கி, இலக்கணம் பார்க்க மட்டும் கடைக்குக் கொடுங்கள். வேர்டில் மாற்றங்களைக் குறித்துக் காட்டும் ட்ராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்தச் சொன்னால் எதை மாற்றினார்கள் என்று தெரியும். நேர்காணலில் விளக்க முடியாத சொல்லை உடனே எடுத்துவிடுங்கள். வேறு பல்கலைக்கழகத்தின் பெயர் உள்ளே தங்கியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பழைய தாளிலிருந்து வெட்டி ஒட்டும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும். எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கும் படிவங்களில் பெரும்பாலும் இடைவெளியும் கணக்கில் சேரும், ஒட்டியபின் கடைசி வரி வெட்டுப்பட்டிருக்கிறதா பாருங்கள்.

காசு கொடுக்குமுன் வேர்ட் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். பிடிஎஃப் மட்டும் கையில் இருந்தால் அடுத்த விண்ணப்பத்துக்கு ஒரு வரி மாற்றவும் மறுபடி அங்கேதான் போக வேண்டும்.