பொங்கலுக்கு நாயோடு ரயிலில்: ஏ.சி. முதல் வகுப்பு எப்படி?

எழும்பூரிலிருந்து மதுரைக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸில், எங்கள் நாய் சீனியோடு போய் வந்தோம். ஸ்லீப்பர் டிக்கெட்டைவிடப் பல மடங்கு செலவு. ஆனாலும் பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது நாயை எங்கே விடுவது என்று தவிக்கிறவர்களுக்கு, எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி கிடையாது.

முதலில் விதிமுறை. நாயை நம்மோடு வைத்துக்கொள்ள ஏ.சி. முதல் வகுப்பில் மட்டும்தான் அனுமதி. அதிலும் இரண்டு படுக்கை உள்ள கூபேயோ நான்கு படுக்கை உள்ள கேபினோ முழுசாக நம் கையில் இருக்க வேண்டும். டூ டயர், த்ரீ டயர், ஸ்லீப்பர், சேர் கார் எதிலும் ஏற்ற முடியாது. கார்டு வேனில் நாய்ப்பெட்டி உண்டு, காசும் குறைவு. சீனி தெருவிலிருந்து எங்களிடம் வந்தவள், சத்தம் என்றாலே நடுங்குவாள். அவளைத் தனியாக அந்தப் பெட்டியில் அடைக்க எனக்கு மனசு வராது.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். பொங்கல் சமயத்தில் முதல் வகுப்பும் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் காலையிலேயே உட்கார்ந்து, நானும் தம்பியும் ஒரே டிக்கெட்டில் வருகிற மாதிரி போட்டோம். கூபே நமக்குத்தானா என்பது சார்ட் போட்ட பிறகுதான் தெரியும். அதுவரை வயிற்றில் புளியைக் கரைத்தது. கிடைத்தது! அடுத்த வேலை பார்சல் ஆபீஸ். ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். டிக்கெட், அடையாள அட்டை, ரேபிஸ் தடுப்பூசி போட்ட அட்டை, கால்நடை மருத்துவர் தந்த உடல்தகுதிச் சான்று எல்லாம் கையில் இருக்கட்டும். பணம் கட்டினால் ரசீது தருவார்கள். வழியில் கேட்டால் அதைத்தான் காட்ட வேண்டும்.

கூபேயில் கதவைச் சாத்திக்கொள்ள முடிகிறது பாருங்கள், அதற்கே கொடுத்த காசு தகும். செங்கல்பட்டு தாண்டும் வரை சீனி கீழ்ப் படுக்கைக்கு அடியில் ஒடுங்கி, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினாள். பிறகு மெதுவாக வெளியே வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைத்துத் தூங்கிவிட்டாள். ஏ.சி. குளிர் தரையில் நன்றாகவே தெரியும். பழைய போர்வை ஒன்று, சிறுநீருக்கு விரிக்கும் பேட் சில எடுத்துப் போங்கள்.

இவ்வளவு மெனக்கெட்டது ஏன் என்றால், ஆடியில் அப்பா தவறிவிட்டார். தீபாவளிக்குச் சீனியை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரு போர்டிங்கில் விட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போனேன். அன்று சாயங்காலம் முழுக்க அங்கே யாரும் போனை எடுக்கவில்லை. ஊர் வீட்டில் அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் மூன்று அறையில் கிடந்தோம். வெளியே வெடிச் சத்தம் கேட்கக் கேட்க எனக்கு அவள் நினைப்புதான். பொங்கலுக்கும் அப்படி ஒரு நாளை அம்மாவுக்குக் கொடுக்கக் கூடாது என்று இருந்தது.

துக்கம் நடந்த வருஷம் பொங்கல் வைக்க மாட்டோம். தெருவெல்லாம் கோலமும் குலவையுமாக இருக்க, எங்கள் வாசல் மட்டும் வெறுமனே கிடந்தது. ஆனால் நாய்க்கு ஏது துக்க வருஷம்? விடிந்ததும் கதவருகே நின்று முனக ஆரம்பித்துவிட்டாள். "இந்தக் கழுதைக்கு நேரம் காலமே கிடையாது" என்று திட்டிக்கொண்டே அம்மா கயிற்றை எடுத்தார். அப்பா போனதிலிருந்து அம்மா சும்மா தெருவில் கால் வைத்ததே இல்லை. நல்ல நாளில் யார் கண்ணிலும் படக் கூடாது என்று ஒதுங்கியே இருந்தவர்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் அம்மாவிடம் என்ன பேசுவது என்று இத்தனை மாதமாகத் தெரியவில்லை போல. அன்றைக்கு, "பேரு என்னக்கா? கடிக்குமா?" என்று ஆரம்பித்தார். அப்படியே நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தூக்குவாளியில் பொங்கல் வந்தது. அம்மா சாப்பிட்டார். எங்களால் செய்ய முடியாததைச் சீனி செய்தாள் என்றுதான் சொல்வேன். எங்கள் முகத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் அப்பா ஞாபகம்தான் வரும். சீனியைப் பார்த்தால் வேறு பேச்சு வருகிறது.

நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது இரண்டு பேர் உடம்பிலும் பாசத்தோடு தொடர்புள்ள ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பான் ஆய்வாளர்கள் 2015-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. ராத்திரி தூக்கம் வராதபோது கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டுச் சீனியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அம்மா மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் எடுக்கிறார். நாய் இருக்கிறது என்று அதை நிறுத்தவில்லை. பண்டிகை நாளில் மனசு ரொம்பக் கனத்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது. இலவசம், தமிழிலேயே பேசலாம், எந்நேரமும் எடுப்பார்கள்.

திரும்பும்போது மதுரைப் பார்சல் ஆபீஸிலும் இதே நடைமுறைதான், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். தனி ஆளாகப் போகிறவர்களுக்கு இரண்டு படுக்கையும் எடுப்பது கையைக் கடிக்கும். கூட வர ஒருவர் இருந்தால் யோசிக்காமல் போடுங்கள். அடுத்த தீபாவளிக்கும் நாங்கள் இப்படித்தான் போகப் போகிறோம்.