மூன்று கிளிக் வரைதான் வீடியோ

பழைய பிலிம் கேமரா வாங்கலாம் என்று காசு சேர்த்து வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் அனுப்புங்கள்.

இரண்டு மாதம் முன்பு ஆன்லைனில் பழைய கேமரா விற்கும் ஒருவரிடம் மினோல்டா எக்ஸ்-700 ஒன்று வாங்கினேன். 50 மி.மீ. லென்ஸோடு 14,500 ரூபாய், கூரியர் தனி. "ஜப்பான்ல இருந்து வந்த பீஸ் ப்ரோ, யாரும் திறக்கவே இல்லை, பக்காவா ஒர்க் ஆகுது" என்றார். ஒரு வீடியோவும் வந்தது. பச்சைப் பூப்போட்ட பெட்ஷீட் மேல் கேமரா. பிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கிறார், பட்டனை அழுத்துகிறார், கிளிக். மறுபடி இழுக்கிறார், கிளிக். இன்னொரு தடவை, கிளிக். அந்தச் சத்தத்தில்தான் நான் விழுந்தேன். அன்றைக்கே யூபிஐ-யில் முழுப் பணமும் போட்டுவிட்டேன்.

மாயவரம் பக்கம் ஊரில் எங்கள் ஓட்டு வீட்டை இடிப்பதாக முடிவாகியிருந்தது. அதற்கு முன் ஒரு ரோல் பிலிம் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் கேமரா வாங்கிய காரணமே. முற்றம், அம்மி, நெல் கொட்டும் குதிர் என்று பதினோரு படம் ஆயிற்று. பன்னிரண்டாவதுக்குப் பெரியப்பாவைத் திண்ணைத் தூண் பக்கத்தில் நிறுத்தினேன். துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் சிவப்பு விளக்கு எரிகிறது, எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. அழுத்தினேன். விளக்கு அணைந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. லீவரை இழுத்தால் வரவில்லை. "டேய், எடுத்தியா இல்லையா?" என்றார் பெரியப்பா, வாயை அசைக்காமல். மிச்சப் படங்களைப் போனில்தான் எடுத்தேன். மறுநாள் காலையில் ஜேசிபி வந்துவிட்டது.

விற்றவருக்கு மெசேஜ் போட்டேன். "பேட்டரி மாத்திப் பாருங்க ப்ரோ" என்றார். இந்தப் பதிலை யார் சொன்னாலும் உடனே நம்பிவிடாதீர்கள். மாற்றிப் பார்ப்பதில் தப்பில்லை, சாதாரண எல்ஆர்44-ஐ விட சில்வர் ஆக்சைடு எஸ்ஆர்44 சீராக வோல்டேஜ் கொடுக்கும். ஆனால் நான் மூன்று ஜோடி மாற்றியும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு வந்த பதில், "கூரியர்ல அடிபட்டிருக்கும்." அதற்கும் பிறகு பதிலே இல்லை.

திருவல்லிக்கேணியில் பழைய கேமரா பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். கையில் வாங்கியதும் அவர் பட்டனைத் தொடவில்லை. கவிழ்த்து அடித்தட்டைத்தான் பார்த்தார். "தம்பி, இதைத் திறக்கவே இல்லைன்னு யார் சொன்னது?" பூதக்கண்ணாடி வைத்துக் காட்டினார். ஸ்க்ரூத் தலைகள் இரண்டு மழுங்கிப் போயிருந்தன. தட்டைக் கழற்றினால் உள்ளே, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சரின் காலில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஈயம். யாரோ மாற்றப் பார்த்து, அவசரத்தில் பக்கத்தில் மின்சாரம் ஓடும் மெல்லிய கோட்டையும், அதாவது டிராக்கையும், கிளப்பிவிட்டிருக்கிறார்கள். "சும்மா வச்சிருந்தா ரெண்டு மூணு தடவை அடிக்கும். அப்புறம் நின்னுடும். பாருங்க" என்று அடித்துக் காட்டினார். மூன்று கிளிக். நான்காவது இல்லை. அங்கேயே போனை எடுத்து அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். மூன்றாவது கிளிக்கோடு அது முடிகிறது.

இதில் மினோல்டாவைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எக்ஸ்-700 வந்தது 1981-இல். நாற்பது வருடம் கழித்து ஒரு கண்டென்சர் சாவது இயற்கை, இந்த மாடலில் அது ஊரறிந்த சங்கதி. நம் விரல் அங்கே எந்தக் கொக்கியையும் தள்ளுவதில்லை. கண்டென்சரில் சேர்ந்த மின்சாரம் ஒரு சின்ன மின்காந்தத்துக்குப் பாய்ந்தால்தான், பிலிமுக்கு வெளிச்சம் விடும் கதவான ஷட்டர் விடுபடும். ஷட்டர் விடுபட்டால்தான் லீவர் நகரும். அந்த ஒரு இடத்தில் மின்சாரம் போதவில்லை என்றால் மொத்தக் கேமராவும் பூட்டிக்கொள்ளும், வெளிச்சம் அளக்கும் மீட்டர் மட்டும் ஒன்றும் அறியாததுபோல் எரிந்துகொண்டிருக்கும். கண்டென்சர் இன்றும் கிடைக்கிறது, சில்லறைக் காசுதான். சர்க்யூட் போய்விட்டால்தான் கதை முடிந்தது. கோனிகா மினோல்டா 2006-இல் கேமரா தொழிலையே விட்டுவிட்டது. இன்னொரு செத்த கேமராவை அறுத்துத்தான் பாகம் எடுக்க வேண்டும், அந்தப் பாகத்துக்கும் இதே நாற்பது வயது.

பெரியவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிது. கேனான் ஏஇ-1 அழுத்தும்போது இழுப்பு வந்தவர்போல் கீச்சென்று சத்தம் போடும். கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் அது கண்ணாடியை அசைக்கும் பல்சக்கரத்தில் எண்ணெய் காய்ந்த கோளாறு, தெரிந்தவர் ஒரு சொட்டு விட்டால் அடங்கிவிடும். சத்தமே போடாமல் நிற்கும் கேமராதான் ஆபத்து. பாக்கெட் கேமராக்கள் இன்னும் மோசம். 1990-இல் வந்த காண்டாக்ஸ் டி2-வுக்கு இன்று கேட்கும் விலை தலை சுற்றவைக்கிறது. அதைச் செய்த கியோசெரா 2005-இலேயே கேமரா தொழிலைக் கைவிட்டது. லென்ஸ் உள்ளே போய் வெளியே வரும் இடத்தில் நாடாபோல் ஒரு சர்க்யூட் இருக்கும். மடிந்து மடிந்து அது அறுந்தால், அலமாரியில் வைத்து அழகு பார்க்க வேண்டியதுதான். 1987-இல் வந்த கேனான் இஓஎஸ் 650 போன்றவற்றில் ஷட்டரைத் தாங்கும் ரப்பர் கூழாகி ஷட்டரின் மெல்லிய இலைகளில் கறுப்பாக ஒட்டும். விற்பவரிடம் பின்கதவைத் திறந்து ஷட்டரைக் கிட்டத்தில் படம் கேளுங்கள்.

வீடியோ கேட்டால் வெட்டாமல் ஒரே ஓட்டமாக இருபது தடவை அடித்துக் காட்டச் சொல்லுங்கள், பின்கதவு திறந்தபடி, ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் வைத்து ஐந்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கில் வைத்து ஐந்து என்று மாற்றி மாற்றி. அடித்தட்டு ஸ்க்ரூவைத் தனியாகப் படம் கேளுங்கள். முடிந்தால் நேரில் போய், உங்கள் பேட்டரியைப் போட்டு, கால் மணி நேரம் கையில் வைத்திருந்து வாங்குங்கள். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 பக்கம் போகலாம். பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான், அது செத்தாலும் ஷட்டர் அடிக்கும். விலை கொஞ்சம் கூடலாம். ஒரு ரோலே ஆயிரம் ரூபாயைத் தாண்டி விற்கிற காலத்தில் அந்த வித்தியாசம் பெரிதில்லை.

பெரியவர் கண்டென்சரை மாற்றி, போன டிராக்குக்கு முடி மெல்லிசுக் கம்பியால் பாலம் போட்டுக் கொடுத்தார். 2,200 ரூபாய். "ஓடும். எவ்வளவு நாள்னு கேக்காதீங்க" என்றார். பதினேழு நாள் ஓடியது. பணத்தைத் திரும்ப வாங்கவும் வழியில்லை. பில் கிடையாது, முகவரி கிடையாது, ஒரு போன் நம்பரை வைத்துக்கொண்டு நுகர்வோர் கோர்ட்டில் யார் மேல் வழக்குப் போடுவது?

போன வாரம் அதே ஆள் இன்னொரு எக்ஸ்-700 போட்டிருக்கிறார், 16,000 ரூபாய். அதே பச்சைப் பெட்ஷீட், மூன்று கிளிக். கீழே "நான்காவது அடிச்சுக் காட்டுங்க ப்ரோ" என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் என்னை பிளாக் செய்துவிட்டார்.