அலாரமா, ஸ்பிரிங்க்ளரா, தானாக மூடும் கதவா: முதலில் எதற்குப் பணம் போடுவது?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தீப் பாதுகாப்புக்குப் பணம் ஒதுக்க எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் எதற்கு என்பதிலேயே மூன்று கூட்டம் ஓடிவிட்டது. ஒருவர் புகை வந்தால் அலறும் ஸ்மோக் டிடெக்டர் வீட்டுக்கு வீடு இருந்தால் போதும் என்கிறார், இன்னொருவர் செய்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர், இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம் என்கிறார், மாடிக்கு இரண்டு எக்ஸ்டிங்குஷர், அதாவது தீயணைக்கும் சிலிண்டர், மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர். படிக்கட்டுக் கதவைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அந்தக் கதவோ காற்று வரட்டும் என்று ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து ராத்திரி பகலாகத் திறந்தே கிடக்கிறது. இதைப் பற்றிக் கொஞ்ச காலமாகத் தேடித்தேடிப் படித்து வருகிறேன், அதனால் ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் விதிமுறை. உயர வரம்பும் தளங்களின் கணக்கும் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் எந்த ஊர் விதியைப் புரட்டினாலும் அடியில் இருப்பவை கிட்டத்தட்ட அதே கேள்விகள்தான்: கட்டிடம் எவ்வளவு உயரம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்கள் அங்கே தூங்குகிறார்களா, தாங்களாகவே நடந்து வெளியே வர முடியுமா, வழி அவர்களுக்குப் பழக்கமா. திரையரங்கில் இருப்பவர் விழித்திருக்கிறார், ஆனால் பக்கவாட்டு வாசல் எங்கே என்று தெரியாது, வந்த வழியாகத்தான் ஓடுவார். வீட்டில் இருப்பவருக்கு வழி தெரியும், ஆனால் தூங்குகிறார். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கருவி எங்கே உதவும் என்பது பாதி புரிந்துவிடும்.

ஸ்மோக் டிடெக்டரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் செலவு குறைவு, மாட்டுவதும் சுலபம். இதில் இரண்டு வகை உண்டு. அயனி வகையில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் துளியளவு இருக்கும், அது காற்றில் உண்டாக்கும் மிகச் சிறிய மின்னோட்டத்தைப் புகைத்துகள்கள் குறைக்கும்போது அலறும். ஒளி வகையில் உள்ளே ஒரு சிறு விளக்கு இருக்கும், புகை புகுந்து வெளிச்சத்தைச் சிதறடித்ததும் அலறும். சட்டென்று பற்றி எரியும் நெருப்பை அயனி வகை சற்று முன்னதாகப் பிடிக்கும். மெத்தையிலோ சோபாவிலோ கனன்றுகொண்டே மணிக்கணக்கில் புகையும் நெருப்பை ஒளி வகை வெகு முன்னதாகப் பிடிக்கும். தூங்கும்போது ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது ரக நெருப்புதான், அதனால் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நான் ஒளி வகையைத்தான் சொல்வேன். இன்னொரு காரணமும் உண்டு. அயனி வகை சமையல் புகைக்கெல்லாம் கத்தும், நாலு தடவை கத்தினால் ஐந்தாவது தடவை யாராவது பேட்டரியைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார்கள், அப்புறம் அந்த வீட்டில் டிடெக்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். சமையலறைக்குள் புகை உணரியே வேண்டாம், அங்கே வெப்பத்தை உணரும் வகைதான் சரி. வாங்குகிறவர்கள் ஒன்றோடொன்று இணைந்து சேர்ந்து ஒலிப்பதாக வாங்குங்கள், கூடத்தில் புகை வந்தால் கதவு சாத்திய அறையில் தூங்குகிறவரின் தலைமாட்டிலும் ஒலிக்க வேண்டும். எந்த டிடெக்டரையும் பத்து வருடத்தில் மாற்றிவிட வேண்டும், அழுத்திப் பார்த்தால் சத்தம் வருகிறதே என்று இருபது வருடம் வைத்திருப்பது பாதுகாப்பு இல்லை.

ஆனால் அலாரம் நெருப்பை அணைக்காது. எழுப்பிவிடும், அவ்வளவுதான். எழுந்தவர் கதவைத் திறந்ததும் எதிரே நிற்பது வெறும் காற்றா கரும்புகையா என்பதை அலாரம் தீர்மானிப்பதில்லை.

ஸ்பிரிங்க்ளர் அந்த இடத்தில் பலமானது. இதைப் பற்றி நிறையப் பேர் மனதில் தவறான படம் இருக்கிறது, யாரோ ஒருவர் பற்றவைத்த தீக்குச்சிக்குக் கட்டிடம் முழுக்க மழை பொழியும் என்று நினைக்கிறார்கள். சாதாரணமாக மாட்டப்படும் ஸ்பிரிங்க்ளரில் ஒவ்வொரு முனையிலும் திரவம் அடைத்த ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கிறது, சிவப்புக் குமிழ் 68 டிகிரி செல்சியஸில் வெடிக்கும், அந்த முனை மட்டும் திறக்கும். புகைக்கு அது அசையாது. பெரும்பாலான தீ விபத்துகளில் ஒன்றிரண்டு முனைகள் திறந்தாலே நெருப்பு அடங்கிவிடுகிறது. 1991 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற உயரமான அலுவலகக் கட்டிடத்தில் 22ஆம் மாடியில் பிடித்த தீ, மாடி மாடியாக ஏறிக்கொண்டே போனது, மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள், உள்ளே நின்று போராட முடியாமல் மற்றவர்களை வெளியே அழைத்துக்கொண்டார்கள். கடைசியில் அதை நிறுத்தியது 30ஆம் மாடியில் இருந்த பத்து ஸ்பிரிங்க்ளர் முனைகள். எரிந்த மாடிகளில் அவை இல்லை. ஸ்பிரிங்க்ளருக்கு இதைவிடப் பெரிய சாட்சி தேட வேண்டியதில்லை.

பிறகு ஏன் நேராக அதற்கே ஓட்டுப் போடவில்லை என்று கேட்பீர்கள். புதிதாகக் கட்டும் கட்டிடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் பழைய கட்டிடத்தில் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் குழாய் ஓட வேண்டும், தனித் தொட்டி வேண்டும், பம்பு வேண்டும், மின்சாரம் போனாலும் ஓடும் இரண்டாவது பம்பு வேண்டும், ஒவ்வொரு வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும். இதெல்லாம் முடிய வருடங்கள் ஆகலாம். முடிந்த பிறகும் ஒரு ஆபத்து இருக்கிறது: ஸ்பிரிங்க்ளர் வேலை செய்யாமல் போன சம்பவங்களை ஆராய்ந்தால் முதல் காரணமாக வருவது, யாரோ எப்போதோ வால்வை மூடிவிட்டுத் திறக்க மறந்ததுதான். ஆக மாதம் ஒருமுறை வால்வைப் போய்ப் பார்க்கும் ஆள் இல்லாத கட்டிடத்தில் ஸ்பிரிங்க்ளர் வெறும் குழாய்.

எக்ஸ்டிங்குஷரைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெருப்பு ஒரு குப்பைக்கூடை அளவில் இருக்கும் முதல் நிமிடத்தில், பக்கத்தில் இருப்பவருக்குப் பயிற்சி இருந்தால், அது அருமையான கருவி. ஆறு கிலோ பவுடர் சிலிண்டர் அரை நிமிடம்கூடத் தாங்காது, குறி தவறினால் முடிந்தது. வாசலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நெருப்பின் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும். தண்ணீர் வகையை மின்சாரத் தீயிலும் எண்ணெய்த் தீயிலும் அடிக்கவே கூடாது. எங்கள் கூட்டத்தில் இதற்கு ஆதரவு அதிகமாக இருந்ததற்குக் காரணம், சுவரில் சிவப்பாகத் தெரிகிறது, ஆய்வுக்கு வருகிறவருக்கும் காட்டலாம். ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்குகிறவர்களுக்கு அது ஒன்றுமே செய்யாது.

இப்போது யாரும் பேசாத கதவுக்கு வருகிறேன். 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில், கீழ்த்தளங்களில் இருந்த ஒரு வீட்டில் மின்சார ஹீட்டரிலிருந்து தீப்பிடித்தது. நெருப்பு அந்த வீட்டையும் வெளியே இருந்த நடைபாதையையும் தாண்டிப் பெரிதாகப் போகவே இல்லை. ஆனால் 17 பேர் இறந்தார்கள், அவர்களில் எட்டுப் பேர் குழந்தைகள், கொன்றது புகை. அந்தக் குடும்பம் தப்பி ஓடியபோது அவர்கள் வீட்டுக் கதவு தானாக மூடவில்லை. அது தானாக மூட வேண்டிய கதவு, அந்த நகர விதியும் அதைத்தான் கேட்கிறது. மேல் மாடியில் ஒரு படிக்கட்டுக் கதவும் திறந்து நின்றது. படிக்கட்டு புகைக்கூண்டாகிவிட்டது. டிடெக்டர் இருந்தது, அலாரம் அடித்தது, ஆனால் அது அடிக்கடி காரணமில்லாமல் அடிக்கும் என்பதால் பலர் முதலில் பொருட்படுத்தவில்லை என்று அங்கே குடியிருந்தவர்களே சொன்னார்கள். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் படிக்கட்டுக் கதவின் அடியில் இருந்த செங்கல்தான் கண் முன்னால் நின்றது.

1980 நவம்பரில் லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலிலும் நெருப்பு கீழே சூதாட்டக் கூடத்தோடு நின்றது. இறந்த 85 பேரில் பெரும்பாலோர் பல மாடிகளுக்கு மேலே, லிஃப்ட் குழிகளும் படிக்கட்டுகளும் ஏற்றிவிட்ட புகையில் இறந்தார்கள். கதவு என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் வீடுகளை எரித்துப் பார்த்த சோதனைகளே இருக்கின்றன: அதே நெருப்பு, கதவு திறந்திருந்த அறை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டியது, கதவு மூடிய அறை 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே நின்றது. சாதாரண வீட்டுக் கதவுக்கே இது சாத்தியம் என்றால், அரை மணியோ ஒரு மணியோ தாங்குவதற்கென்றே செய்த ஃபயர் டோரை நினைத்துப் பாருங்கள். அதன் விளிம்பில் ஒரு பட்டை ஓடும், சூடு பட்டால் அது வீங்கி இடுக்கை அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டிலும் மேலேயும் மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. ஆனால் இத்தனையும் கதவு மூடியிருந்தால்தான், அதனால்தான் கதவைத் தானாக இழுத்து மூட அதன் மேல்பக்கம் மாட்டியிருக்கும் குளோசர் என்ற கருவி முழுக் கதவைவிட முக்கியம் என்கிறேன்.

காற்றோட்டத்துக்குக் கதவு திறந்திருக்க வேண்டும் என்ற வாதம் நியாயமானது, அதைத் தள்ளிவிட முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. காந்தப் பிடிப்பான் என்று ஒன்று கதவைத் திறந்த நிலையில் பிடித்து வைத்திருக்கும், அலாரம் அடித்தாலோ மின்சாரம் போனாலோ விட்டுவிடும், குளோசர் இழுத்து மூடிவிடும். செங்கல்லுக்கு அந்த அறிவு கிடையாது.

கதவோடு சேர்ந்து வரும் இன்னொரு போட்டி: தீ என்றால் எல்லோரும் உடனே இறங்குவதா, தீ பிடித்த வீட்டைத் தவிர மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருப்பதா. பிரிட்டனில் உயரமான குடியிருப்புகளுக்கு இரண்டாவது முறைதான் நெடுங்காலமாக வழக்கம், ஒவ்வொரு வீடும் நெருப்பை ஒரு மணி நேரம் தனக்குள் அடக்கிவைக்கும் பெட்டி என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவரில் உடைந்தது. நான்காம் மாடியில் ஒரு ஃப்ரிட்ஜில் தொடங்கிய தீ, சுவருக்கு வெளியே ஒட்டியிருந்த பாலிஎத்திலீன் நடுப்பகுதி கொண்ட தகடுகள் வழியாகக் கூரை வரை ஏறியது, 72 பேர் இறந்தார்கள். உள்ளேயே இருங்கள் என்ற அறிவுரையை மாற்ற ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. அங்கே ஸ்பிரிங்க்ளரும் இல்லை, படிக்கட்டும் ஒன்றே ஒன்று, பல வீட்டுக் கதவுகளில் குளோசர் வேலை செய்யவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. என் முடிவு இதுதான்: சுவரும் வெளிப்பூச்சும் கதவும் சோதிக்கப்பட்ட கட்டிடத்தில் மட்டுமே உள்ளே இருப்பது சரி, இல்லாத இடத்தில் எல்லோரும் இறங்குவது ஒன்றே வழி, அப்படி இறங்கப் படிக்கட்டில் புகை இருக்கக் கூடாது. இரண்டு முறையும் கடைசியில் அந்தக் கதவிடம்தான் வந்து நிற்கின்றன.

பொதுக் கட்டிடத்தில் கணக்கு வேறு. அங்கே கதவு திறக்காததுதான் ஆளைக் கொன்றிருக்கிறது. 1883இல் இங்கிலாந்தின் சண்டர்லேண்டில் விக்டோரியா ஹாலில் உள்பக்கம் திறக்கும், தாழிட்ட கதவின் பின்னால் நெரிசலில் 183 குழந்தைகள் இறந்தார்கள், அங்கே தீகூடப் பிடிக்கவில்லை. உடம்பு சாய்ந்தாலே திறந்துகொள்ளும் பட்டைக் கதவு அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. 1911இல் நியூயார்க் டிரையாங்கிள் ஆடை ஆலையில் பூட்டிய கதவு, 146 பேர். 1942இல் பாஸ்டன் கோகனட் குரோவ் கேளிக்கை விடுதியில் நெரிசலில் சிக்கி நின்ற சுழல் கதவு, 492 பேர். 1997இல் டெல்லி உப்ஹார் திரையரங்கில் பால்கனியின் வெளியேறும் வழி தடைப்பட்டிருந்தது, 59 பேர். ஆகவே கூட்டம் கூடும் மண்டபம், பள்ளி, திரையரங்கு என்றால் எனக்கு முதல் செலவு வெளிப்பக்கம் திறக்கும், சாவி தேவைப்படாத வாசல்கள், இரண்டாவது ஸ்பிரிங்க்ளர். அங்கே டிடெக்டருக்கு மூன்றாவது இடம்தான். மருத்துவமனையில் நோயாளி நடந்து இறங்க முடியாது, அடுத்த பகுதிக்குக் கட்டிலோடு தள்ளிப்போக வேண்டும், அங்கே ஸ்பிரிங்க்ளரும் தடுப்புக் கதவும் சேர்ந்தே இருக்க வேண்டும், ஒன்றுக்குப் பதில் ஒன்று என்ற பேச்சே கிடையாது.

எங்கள் குடியிருப்புக்கு நான் எழுதிக் கொடுத்த வரிசை: இந்த மாதமே படிக்கட்டுக் கதவுகளுக்கும் வீட்டு வாசல் கதவுகளுக்கும் குளோசர், அடுத்து வீட்டுக்கு வீடு இணைந்த ஒளி வகை டிடெக்டர், அதற்கடுத்த பட்ஜெட்டில் ஸ்பிரிங்க்ளருக்கான தொட்டியும் பம்பும், முதலில் மேல் மாடிகளுக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும். எக்ஸ்டிங்குஷர் இருக்கிறவற்றைச் சரிபார்த்தால் போதும். ஸ்பிரிங்க்ளர் நண்பர் இதை ஒத்துக்கொள்ளவில்லை, குளோசர் போட்டதும் எல்லோரும் திருப்தியாகிப் பெரிய வேலையை மறந்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார். அந்தப் பயம் நியாயமானது, அதனால் பம்புக்கான தேதியையும் அதே தீர்மானத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று மாலை எங்கள் மாடியில் எட்டு வீட்டுக் கதவுகளையும் பார்த்தேன். முழுக்கத் திறந்து ஒரு தடவை, பாதி திறந்து ஒரு தடவை, ஒரு சாண் திறந்து ஒரு தடவை கையை விட வேண்டும், மூன்று தடவையும் தானாகப் போய் நாக்கு விழுந்து 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். எட்டில் இரண்டு பூட்டிக்கொண்டன. என் வீட்டுக் கதவு அந்த இரண்டில் இல்லை, மெக்கானிக் நாளைக் காலை வருகிறார்.