புதுச்சேரியிலிருந்து ஜப்பான் குழுச் சுற்றுலா: பூட்டிய வாயிலும் திறந்த மண்டபமும்

கடலூர்வாசிகளான நானும் என் மனைவியும், புதுச்சேரியிலுள்ள ஒரு பயண நிறுவனம் நடத்திய எட்டு நாள் ஜப்பான் குழுச் சுற்றுலாவுக்குச் சென்ற ஏப்ரலில் போய் வந்தோம். விசா, விமானம், தங்குமிடம் எதிலும் குறையில்லை. சைவச் சாப்பாட்டுக்கும் பஞ்சமில்லை. குறையெல்லாம் இடங்களைப் பார்க்க அவர்கள் நேரம் வகுத்த விதத்தில்தான்.

கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தைத் திங்கட்கிழமையில் வைத்திருந்தார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை என்பதை நாம் அறிந்திருப்பதுபோல, ஜப்பானின் தேசிய அருங்காட்சியகங்கள் வழக்கமாகத் திங்களன்று மூடியிருக்கும் என்பதையும், அன்று அரசு விடுமுறையாக அமைந்தால் மறுநாள் மூடுவார்கள் என்பதையும் இத்தொழிலில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டாமா? பூட்டிய வாயிலின் முன் நின்று குழுப்படம் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் அந்தத் தவறால், எதிரிலிருக்கும் சாஞ்சூசான்கெண்டோ கோயிலுக்கு ஒதுக்கிய முக்கால் மணி நேரம் இரண்டு மணி நேரமாயிற்று. 1266-இல் மீண்டும் கட்டப்பட்ட, ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள அந்த மர மண்டபத்தின் நடுவில், கருணையின் வடிவாகப் பௌத்தர்கள் வணங்கும் கன்னோனின் பெரிய சிலை அமர்ந்திருக்க, இருபுறமும் ஆயிரம் கன்னோன் சிலைகள் பத்து வரிசைகளில் நிற்கின்றன. நம்மவர்கள் நின்று பார்க்க வேண்டியவை, அவற்றைக் காக்கும் 28 தெய்வங்கள். பறவை அலகோடு புல்லாங்குழல் ஊதும் கருடனையும், எலும்பும் தோலுமாகக் கோலூன்றி நிற்கும் வசு முனிவரையும் கண்டதும், "இவர்களெல்லாம் நம் பக்கத்து ஆட்கள் அல்லவா?" என்றாள் என் மனைவி. உள்ளே படமெடுக்கத் தடை. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

நாரா நகரில் தோதாய்ஜி கோயிலின் புத்தர் சிலையின் உயரம் 15 மீட்டர் என்று சொன்ன வழிகாட்டி, 752-இல் அச்சிலைக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர் என்பதைச் சொல்லாமலே விட்டுவிட்டார்.

கோட்டைகள் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு என்று புதுச்சேரி அலுவலகத்தில் உறுதியளித்திருந்தார்கள். 1931-இல் கான்கிரீட்டில் எழுப்பிய ஒசாகா கோட்டைக் கோபுரத்தில் உண்டு. 1609-இல் முடிந்த மர அமைப்பே இன்றும் நிற்கும் ஹிமேஜியில் இல்லை. திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் செருப்பை வாசலில் விட்டுப் பழகிய நாங்கள், அங்கே காலணியைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு, ஏணிபோல் செங்குத்தான படிகளில், வழவழப்பான பலகையில் காலுறை வழுக்க வழுக்க ஏறினோம். முழங்கால் வலியுள்ள என் மனைவி மூன்றாம் தளத்தோடு நின்றுவிட்டாள். பேருந்து கிளம்பும் அவசரத்தில் நானும் உச்சித் தளத்தில் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஒசாகாவில் கழித்த அரை நாளை ஹிமேஜிக்குக் கொடுத்திருக்கலாம்.

திரும்பி வந்து முறையிட்டதும் அருங்காட்சியகக் கட்டணத்தை மறுபேச்சின்றித் திருப்பித் தந்தார்கள். அடுத்த குழுவுக்கான பயணத் திட்டத்தை அங்கேயே வாங்கிப் பார்த்தேன். கியோட்டோ அருங்காட்சியகம் அதிலும் திங்கட்கிழமையில்தான் இருக்கிறது.